வெள்ளைக்கார நரியும் கங்காணிக் கரடியும்

சின்ன வயதில் பார்த்த ரீவிப் படங்களில் எது பிடிக்கும் என்று யாராவது கேட்டால் அருந்ததி சட்டென்று பதில் சொல்லமாட்டாள். இவர் ஏன் இதைக் கேட்கிறார் என்று முதலில் கேட்டவரின் முகத்தை ஒருதரம் பார்ப்பாள். அது அவளுடைய பிறவிக் குணம். பால் குடிக்கிற வயதிலேயே போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தவள் என்று தாய் இராசேஸ்வரி ஊரெல்லாம் சொல்லுவாள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, கிளிநொச்சியில் ரியூட்டரி வகுப்பு வாங்கில் குந்தியிருந்து பெட்டைகள் பழைய படங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வவுனியாவிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த ஒருத்திக்குச் சிங்களம் தெரியும். ஞாயிறு பின்னேரங்களில் போன நரிப் படத்தை அவள்தான் ஞாபகப்படுத்தினாள். அந்த நரி சரியான கள்ளன், ஒவ்வொரு கிழமையும் கரடியிடம் பிடிபட்டு மன்னிப்புக் கேட்கும் என்றாள். அருந்ததி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடியக் கண் கலங்கிப்போயிற்று. அவளுக்குத் தெரிந்த நரி ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதே கிடையாது. அதற்கு மூக்கன் என்று பெயர். அது தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தது.

அந்த நரி தோட்டத்துக்குப் போன கதை எண்பத்துமூன்றில் தொடங்குகிறது. அருந்ததிக்கு அப்போது பத்து வயது. தகப்பன் சிற்றம்பலம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுத் தண்ணீரை நம்பிக் குடியேற்றக் காணியில் நெல் விதைத்தவர். ஒரு போகம் நன்றாக விளைந்த கையோடு பறந்துபோய் ஒரு கறுப்பு வெள்ளை ரீவி வாங்கிக்கொண்டு வந்தார். ஊரில் கறண்ட் இல்லையே என்று இராசேஸ்வரி கேட்டதற்கு, உழவு மெசினின் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து வீட்டு விறாந்தையில் வைத்தார். நீளமான தடியொன்றில் அன்ரெனாவைக் கட்டி நட்டார். கொக்காவில் ரீவிக் கோபுரம் கிட்ட இருக்கிறபடியால் கொழும்பில்கூட இப்படித் தெளிவாகத் தெரியாது என்று போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையடித்தார். கொழும்பு ரீவியை மனிதர் கண்ணால் கண்டதில்லை.

ஞாயிறு பின்னேரமானால் குடியேற்றத்துப் பிள்ளைகள் முழுப்பேரும் அங்கேதான். நரியும் கரடியும் வருகிற வெள்ளைக்காரப் படம் அந்த நேரம்தான் போகும். ஆனால் நரி பேசுவது சிங்களத்தில். பிள்ளைகளுக்கு ஒரு சொல் விளங்காது. வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவரையொருவர் கிள்ளத் தொடங்குவார்கள்.

வேலிக்கு வெளியே நின்று இன்னொரு பிள்ளையும் பார்க்கும். அது வடிவம்மா. அவளுடைய தாய் வீரம்மா, எழுபத்தேழு கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்து, வாய்க்காலுக்கு அங்கால் குடிசை போட்டிருந்தவள். புருசன் இல்லை. சிற்றம்பலத்தின் வயலில் நாற்று நட, களை பிடுங்க வருவாள். அந்த வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் "வீரம்மா, நீ"தான். அவளுடைய மகளை உள்ளே வந்து பாயில் இரு என்று ஒருவரும் சொன்னதில்லை. வெளியே நில் என்றும் சொல்லவில்லை. அது அப்படியே நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் சிற்றம்பலத்துக்கு ஞானம் பிறந்தது. தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு அல்லவா? வேலியடியில் மகளைக் கூப்பிட வந்து நின்ற வீரம்மாவிடம், உனக்குச் சிங்களம் தெரியும்தானே என்று கேட்டார். கேட்டார் என்ன கேட்டார், முடிவையே சொன்னார். வீரம்மா மகளை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "தெரியுங்க" என்றாள். அன்றைக்கே வடிவம்மாவுக்குப் பாயில் இடம் கிடைத்தது. வீரம்மா வாசற்படியில் குந்திக்கொண்டு நரி பேசுவதைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

அட, என்ன மாதிரிச் சொன்னாள்! நரிக்கு ஒரு குரல், கரடிக்கு ஒரு குரல். கரடிதான் கங்காணி. விடியக் காலமை கொம்பு ஊதி எல்லாரையும் வரிசையில் நிற்க வைக்கும். பிந்தி வந்தால் அரைப்பேர் போட்டுவிடும், அதாவது அரைநாள் சம்பளம்தான். நாரை ஒன்று வரும். அது துரை. அதற்கு ஒன்றும் தெரியாது, தலையை மட்டும் ஆட்டும். மூக்கன் இந்த இரண்டு பேரையும் ஒவ்வொரு கிழமையும் பேய்க்காட்டிவிட்டு ஓடையைத் தாண்டி ஓடுவான். ஓடும்போது திரும்பிப் பார்த்து, "கங்காணி ஐயா, நாளைக்கு வர்றேன், எனக்கும் ஒரு பேர் போட்டு வையுங்க" என்பான். பிள்ளைகள் பாயில் விழுந்து உருளுவார்கள். சிற்றம்பலம் கதிரையில் இருந்து தொடையில் தட்டிச் சிரிப்பார். எங்கள் வீட்டு ரீவி தமிழ் பேசும் என்று சங்கக் கடையிலும் தபால் கந்தோரிலும் சொல்லித் திரிந்தார். வீரம்மாவுக்குச் சிங்களம் தலைகீழ்ப் பாடம் என்ற கதை இரணைமடு தொடங்கிப் பூநகரி வரைக்கும் போயிற்று.

அருந்ததியும் உருண்டு சிரித்தவள்தான். ஆனால் சிரித்துக்கொண்டே ஒரு கண்ணால் வாசற்படியைப் பார்த்தாள். நரி வாயை மூடிய பிறகும் வீரம்மா அதன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சில நேரம் நரி நீளமாகப் பேசும், வீரம்மா "சரிங்கிறான்" என்று முடித்துவிடுவாள். இதெல்லாம் போகட்டும். வெள்ளைக்கார நரிக்குக் கங்காணியை எப்படித் தெரியும்? இதை நினைத்து அவளுக்கு இரவில் நித்திரை வராது.

வடிவம்மாவை மெல்லப் பிடித்து, மூக்கன் ஆர் என்று கேட்டாள். அது கள்ளம் தெரியாத பிள்ளை. "எங்க மாமா. கப்பல்ல இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க" என்றது. அருந்ததிக்குப் பாதி விளங்கிவிட்டது.

மீதியை யோகநாதன் மாமாவின் முதுகு சொல்லிற்று. மாமா இராசேஸ்வரியின் தம்பி. குருணாகலில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்று ஆடியில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பாஷை இனி என் வாயிலும் வராது, காதிலும் விழாது என்று சொல்லிவிட்டார். ரீவி போட்டால் எழும்பி மாட்டுக் கொட்டிலுக்குப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். ஒருநாள் தண்ணீர்ச் செம்போடு அந்தப் பக்கம் போன அருந்ததி, மாமாவின் முதுகு குலுங்குவதைக் கண்டாள். அழுகிறார் என்று பயந்து முன்னால் போய்ப் பார்த்தால், மனிதர் தோளிலிருந்த துவாயை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரீவியின் சத்தமும் கேட்கிறது, வீரம்மாவின் சத்தமும் கேட்கிறது. இரண்டும் விளங்குகிற ஒரே ஆள் அவர்தான். மாமா அவளைக் கண்டதும் துவாயை எடுத்துவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடத் தொடங்கினார்.

அன்றோடு அருந்ததிக்கு முழுதும் வெளிச்சமாயிற்று. வீரம்மாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அருந்ததி அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூக்கன் போய்விடுவான் என்று அவளுக்குப் பயம்.

எண்பத்தைந்தில் எல்லாம் மாறிற்று. ஒரு விடியற்காலை ஆமி குடியேற்றத்தைச் சுற்றி வளைத்தது. மற்ற வீடுகளை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே அயலில் இருந்த கமலாசனி என்பவளின் வீட்டுக்குப் போய், அவளுடைய மூத்த மகன் சின்னராசாவைப் பிடித்துக்கொண்டு போயிற்று. நேரே போனார்கள் என்பதுதான் எல்லாருக்கும் உறுத்திற்று. யாரோ சொல்லிக் கொடுக்காமல் எப்படி நேரே போவார்கள்? கிணற்றடியில் பெண்கள் சத்தத்தைக் குறைத்துக் கதைத்தார்கள். ஒருத்தி வாளியை வைத்துவிட்டுப் போனால் மற்றவர்கள் அவளைப் பற்றிக் கதைத்தார்கள். அருந்ததிக்கு ஊர் முழுவதும் தன்னைப் போல ஆகிவிட்டது மாதிரி இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கமலாசனிக்குப் பிள்ளை போன துயரம். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. யோசித்து யோசித்து அவளுக்கு ஒரு காட்சி ஞாபகம் வந்தது. சுற்றிவளைப்புக்கு முதல் கிழமை, கண்டி றோட்டில் ஆமி பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி வெயிலில் நிறுத்தியது. வீரம்மாவும் அந்தப் பஸ்ஸில் வந்தவள். ஆமிக்காரன் ஏதோ கேட்டான், வீரம்மா கையைக் கும்பிட்டு ஏதோ சொன்னாள், அவன் சிரித்துக்கொண்டு அவளை மட்டும் போக விட்டான். என்ன சொன்னாள்? எந்தப் பாஷையில் சொன்னாள்? அவளுக்குத்தான் சிங்களம் தலைகீழ்ப் பாடமாச்சே. இதைக் கமலாசனி முதலில் கிணற்றடியில் சொன்னாள், பிறகு இயக்கப் பொடியளிடம் போய்ச் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பொடியள் சைக்கிளில் சிற்றம்பலம் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் நெட்டை, மற்றவன் கட்டை. நெட்டையன் மரியாதையாகத்தான் கதைத்தான். உங்கள் வயலில் வேலை செய்கிற அந்த அம்மாவுக்குச் சிங்களம் நல்லாய்த் தெரியுமாமே என்று கேட்டான். இல்லையென்று சொல்லச் சிற்றம்பலத்தால் முடியாது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தானே. போன மாதம் பாலத்தடியில் ஒரு ஆளை இயக்கம் கட்டிவைத்துச் சுட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அந்த ஆள் என்ன செய்தான் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

கதவுக்குப் பின்னால் நின்ற அருந்ததி வெளியே வந்தாள்.

"வீரம்மாவுக்குச் சிங்களம் தெரியாது," என்றாள்.

தகப்பன் உள்ளே போ என்று உறுக்கினார். அவள் அசையவில்லை. அது எப்படி உனக்குத் தெரியும் என்று நெட்டையன் கேட்டான். வெள்ளைக்கார நரி கங்காணியைப் பற்றிக் கதைக்குமோ என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரீவி பார்க்க நேரமில்லாத ஆள் போலும். மாட்டுக் கொட்டில் பக்கம் கையைக் காட்டி, மாமாவைக் கேளுங்கோ என்றாள்.

மாமா வந்து நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டே, வீரம்மா சொல்கிறதெல்லாம் அவளாகக் கட்டுகிற கதை, ரண்டு வருசமாய்த் தான் கொட்டிலில் இருந்து கேட்கிறேன், ஒரு வசனம்கூடச் சரியில்லை என்றார். கட்டையன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்ப உங்களுக்குச் சிங்களம் தெரியும், என்ன அண்ணை?"

இராசேஸ்வரி குசினி வாசலில் கையைப் பிசைந்தாள். சிங்களம் தெரிந்த ஆளைச் சந்தேகப்படுவதென்றால் முதலில் மாமாவைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அவர் சொந்தக்காரர், யாழ்ப்பாணத்து ஆள், அதனால் இந்த ஊரில் ஒரு நாய்கூட அப்படி நினைக்கவில்லை. வாய்க்காலுக்கு அங்கால் இருக்கிறவளைத்தான் நினைத்தார்கள். அருந்ததிக்கு அந்த நேரம்தான் அது உறைத்தது. மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் தம்பி. நல்லாய்த் தெரியும்," என்றார்.

நெட்டையன் யோசித்தான். தெரியாது என்று நடிப்பது லேசு, அதனால் அவளிடமே கேட்டுப் பிரயோசனம் இல்லை என்றான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, படம் போகிற நேரம் வருகிறோம், பூநகரியிலிருந்து வந்த சொந்தக்காரர் என்று சொல்லுங்கோ, அவள் சொல்லட்டும், இந்த அண்ணை என் காதுக்குள்ளே உண்மையானதைச் சொல்லட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஒரு நாள் அருந்ததி பட்ட பாடு கொஞ்சமல்ல. வாய்க்கால் வரைக்கும் போனாள், திரும்பி வந்தாள். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் வீரம்மா பயந்து வாயை மூடிவிடுவாள், வாயை மூடினால் நடிக்கிறாள் என்பார்கள். அம்மா இரகசியமாய்ச் சொல்லியிருப்பாளோ என்று தாயின் முகத்தைப் பார்த்தாள். அப்பா பயத்தில் உளறிவிடுவாரோ என்று தகப்பனுக்குப் பின்னாலேயே திரிந்தாள். பொழுது படுகிற நேரம் அவளுக்குள்ளேயே ஒரு புழு நெளிந்தது. மாமா பொய் சொல்லியிருந்தால்? கங்காணிக் கதையெல்லாம் வெளிவேசமாக இருந்தால்? நாளைக்கு வீரம்மா ஒவ்வொரு சொல்லையும் சரியாகச் சொல்லிவிட்டால்? இப்படி நினைத்ததற்காகத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். ஆனாலும் புழு போகவில்லை.

ஞாயிறு பின்னேரம் பாய் நிறையப் பிள்ளைகள். பொடியள் இரண்டு பேரும் பின்னால் சுவரோடு இருந்தார்கள், மாமா அவர்களுக்கு நடுவில். ரண்டு வருசத்தில் முதல் தடவையாக அவர் அந்தப் பெட்டிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார். கமலாசனி யன்னலடியில் நின்றாள். வீரம்மா வேலை முடிந்து கால் கழுவிவிட்டு வந்து வாசற்படியில் குந்தினாள். புது முகங்களைக் கண்டதும் சிற்றம்பலத்தைப் பார்த்தாள். அவர் பொடியள் சொல்லச் சொன்னதையே சொன்னார். பூநகரியிலிருந்து சொந்தக்காரர் வந்திருக்கினம், நீ சிங்களத்தைத் தமிழாக்கிறதைக் கேள்விப்பட்டு வந்தவை, வடிவாய்ச் சொல்லு என்றார்.

வீரம்மாவின் முகம் மாறியதை அருந்ததி கண்டாள். அவள் வேறு விதமாய் விளங்கிக்கொண்டாள். தன்னுடைய பொய்யைப் பிடிக்கத்தான் ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். பாயில் முன்வரிசையில் இருந்த மகளை ஒருதரம் பார்த்தாள். பிடிபட்டால் வடிவம்மா திரும்பவும் வேலிக்கு வெளியே. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள். தெரிந்தமாதிரி நடிப்பதென்றால் இன்றைக்குத்தான் நடிக்க வேண்டும் என்று முடிவெடுத்த முகம் அது. நடிக்க நடிக்க அவளுக்கு நல்லது என்பது அவளுக்குத் தெரியாது.

படம் தொடங்கிற்று. கரடி மரத்தடியில் படுத்திருந்தது. நரி பூனைநடை நடந்து வந்து பழக்கூடையைத் தூக்கிற்று. "கங்காணி நல்லாத் தூங்குறாரு. மெதுவா எடுத்துட்டுப் போயிர்றேங்கிறான் மூக்கன்" என்றாள் வீரம்மா. மாமா நெட்டையனின் காதுக்குள் சொன்னது, பக்கத்தில் இருந்த அருந்ததிக்கும் கேட்டது. கரடி நித்திரை, சத்தமில்லாமல் கொண்டுபோகிறேன் என்கிறது நரி. நெட்டையன் கட்டையனைப் பார்த்தான். அடுத்ததில் நரி கல்லில் தடுக்கி விழுந்தது. "ஐயோ காலு போச்சே" என்றாள் வீரம்மா. மாமா தயங்கித் தயங்கி, அதுவும் கிட்டத்தட்டச் சரிதான் என்றார். யன்னலடியில் கமலாசனி கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

அருந்ததிக்கு விளங்கிற்று. பாழாய்ப்போன படம்தான் காட்டிக்கொடுக்கிறது. தூங்குகிற கரடியைப் பார்த்தால் எவளும் தூங்குகிறது என்றுதான் சொல்லுவாள். படம் இருக்கும்வரைக்கும் வீரம்மா சரியாகவே சொல்லப்போகிறாள்.

அவள் எழும்பினாள். படம் சுருங்குது, பற்றரி இறங்கிப்போச்சுது என்று சொல்லிக்கொண்டே பெட்டியடிக்குப் போய், வெளிச்சத் திருகைக் கடைசிவரைக்கும் திருகிவிட்டாள். திரை இருண்டது. பற்றரி இறங்கினால் முதலில் படம் போகும், பிறகுதான் சத்தம் போகும். இது அந்த வீட்டில் எல்லாருக்கும் பழகின விசயம். பிள்ளைகள் ஆவென்று கத்தினார்கள். "சத்தம் கேக்குதுதானே, வீரம்மா சொல்லட்டும்" என்றாள் அருந்ததி. திருகுக்கு முன்னால் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். நெட்டையன் அவளைக் கூர்ந்து பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துப் படத்தின் சத்தம் நின்றது. நரியின் குரலும் இல்லை, கரடியின் குரலும் இல்லை. ஒரு ஆம்பிளைக் குரல், வறண்ட குரல், நிறுத்தி நிறுத்தி வாசித்தது. வீரம்மா திகைத்துப்போனாள். வடிவம்மா திரும்பித் தாயைப் பார்த்தாள், எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

"இவரு... காட்டு ராசாவோட ஆளு," என்று தொடங்கினாள் வீரம்மா. தொடங்கியதும் குரல் பிடித்துக்கொண்டது. "தமுக்கடிக்க வந்திருக்காரு. நாளைக்கு விடிஞ்சதும் சின்னது பெருசு எல்லாரும் வீட்டை விட்டு வெளிய வந்துருங்கங்கிறாரு. வேலைக்குப் போக வேண்டியதில்ல, யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல. ஆத்தோரமாப் பொங்கிச் சாப்பிடப்போறோம். கங்காணியும் சட்டையக் கழட்டிப்புட்டு வெறகு பொறுக்க வரணுங்கிறாரு."

பிள்ளைகள் கை தட்டினார்கள். மாமாவின் குரல் மெல்லிய இழையாய் வந்தது. நாளைக்கு விடியத் தொடக்கம் வடக்கில் ஊரடங்கு. மறு அறிவித்தல் வரைக்கும் ஒருத்தரும் வீட்டைவிட்டு வெளிக்கிடக்கூடாது. மீறி வெளிக்கிட்டால் சுடுவினம்.

நெட்டையன் முன்னால் சரிந்து கேட்டான். "அம்மா, அப்ப நாங்களும் நாளைக்கு ஆத்தங்கரைக்குப் போகலாமோ?"

"தாராளமாப் போகலாம் தம்பி. அவரே வாயத் தொறந்து சொல்றாருல்ல," என்றாள் வீரம்மா.

நெட்டையன் சிரித்தான். வாயைப் பொத்தப் பார்த்தான், முடியவில்லை. அவன் சிரிக்கும்போதுதான் அவனுக்கும் பத்தொன்பது இருபது வயதுக்கு மேல் இராது என்பது தெரிந்தது. ஆனால் ஊரடங்கு என்றால் அவனுக்கு அலுவல் இருக்கிறது. இரண்டு பேரும் சட்டென்று எழும்பினார்கள். யன்னலைத் தாண்டும்போது கமலாசனியிடம், "அக்கா, இந்த அம்மாவுக்கு அவங்கடை பாஷையிலை ஒரு சொல்லும் தெரியாது" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான். கமலாசனி யன்னல் கம்பியை விட்டுவிட்டு நிலத்தில் குந்தினாள்.

அருந்ததிக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் வீரம்மாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் வீரம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். இராசேஸ்வரி அழுதுகொண்டே வந்தவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று சொல்லச் சொல்ல, வீரம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. ஆமிக்காரனிடம் என்னதான் சொன்னாய் என்று சிற்றம்பலம் கேட்டார். அவன் என்ன கேட்டான்னே தெரியாதுங்க, மாத்தியா மாத்தியான்னு கும்பிட்டேன், ஐயாங்கிறதுக்கு அது ஒன்னுதான் எனக்குத் தெரியும், அவன் சிரிச்சான் என்றாள். பிறகு எழும்பிப் பாயடிக்கு வந்து மகளின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"புள்ளைங்களா, அந்த நரி நல்லவனா கெட்டவனான்னுகூட எனக்குத் தெரியாதுப்பா," என்றாள்.

மகளையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் வரம்பால் போய்விட்டாள். சிற்றம்பலம் கதிரையில் இருந்து எழும்பவே இல்லை.

ஊரடங்கு முடிந்தது. சின்னராசாவும் அடி வாங்கின முதுகோடு வந்து சேர்ந்தான். கனகராயன்குளத்துச் சின்னராசா ஒருவனைத் தேடி வந்தவர்கள் பெயரைக் கேட்டு இவனை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருத்தரும் ஒருத்தரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கிணற்றடியில் வீரம்மாவைக் கண்டபோது கமலாசனி தன் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவளுடைய குடத்துக்கு முதலில் தண்ணீர் ஊற்றினாள். வீரம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீரம்மா வயலுக்கு வந்தாள், வீட்டுப் பக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு மாமா தானாக வந்து கதிரையில் இருந்தார். நான் சொல்கிறேன் என்றார். பாவம், ஒழுங்காகத்தான் சொன்னார். நரி கரும்பு களவெடுத்தது. கரடி பிடித்தது. களவு கூடாது என்று கரடி சொன்னது. நரி மன்னிப்புக் கேட்டது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூக்கன் எங்கே என்று ஒரு சின்னது கேட்டது. மாமா தலையைச் சொறிந்தார்.

அருந்ததி ரீவியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தாள். பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். வாய்க்காலைத் தாண்டி அந்தக் குடிசைகளின் பக்கம் அவள் அதுவரைக்கும் போனதில்லை. வீரம்மா முற்றத்தில் சுளகோடு இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேரையும் கண்டு திடுக்கிட்டு எழும்பப் பார்த்தாள்.

"பொட்டி அங்கதானம்மா இருக்கு. இங்க என்னா இருக்கு? நான் உங்களையெல்லாம் ஏமாத்துனவம்மா," என்றாள்.

அருந்ததி வழக்கம்போல அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இனிச் சொல்லப்போறதும் பொய்தானே?"

"பொய்தாம்மா. எனக்கு வேற என்னா தெரியும்?"

அருந்ததி வடிவம்மாவுக்குப் பக்கத்தில் மண்ணில் இருந்தாள். மற்றப் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள்.

"அப்ப சொல்லுங்கோ, வீரம்மாக்கா."

வீரம்மா சுளகைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வாய்க்கால் பக்கம் பார்த்தாள்.

"மூக்கன் கப்பல்லேருந்து எறங்கிட்டான்," என்றாள். "கைல பொட்டி ஒன்னும் இல்ல. யாரையும் வழி கேக்கல. அந்தா, வரம்பு மேல நடந்து வர்றான் பாருங்க."

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வரம்பைப் பார்த்தார்கள். அருந்ததியும் பார்த்தாள்.